பலர்பால்

தமிழ் வினைமுற்றுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. 'வந்தேன்' என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'வந்தாய்' என்றாலும் தெரியாது. மூன்றாவது மனிதரைப் பற்றி வாயெடுத்த மாத்திரத்தில் விகுதி காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆடூஉ அறிசொல், மகடூஉ அறிசொல் என்று தொல்காப்பியர் பிரித்து வைத்ததை எங்கள் தமிழ் ஐயா பிரம்பால் மேஜையைத் தட்டியபடி சொல்லிக்கொடுத்தபோது, என் வாழ்க்கையில் நான்கு வருஷங்களை இந்த விகுதிகளுக்குப் பயந்தே கழிக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தப்பிக்க ஒரே ஒரு சந்துதான் உண்டு: பலர்பால். மரியாதை என்ற பெயரில் ஒருவரைப் பலராக்கிவிடலாம். வந்தார், வந்தார்கள், எங்கள் பக்கத்துப் பேச்சில் வந்தாக. 2012 முதல் 2016 வரை நான் ஒருவனை நேசித்தேன். அவனைப் பற்றிப் பேச நேர்ந்தபோதெல்லாம், இலக்கணப்படி, பலரை நேசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்குச் சிவகாசிக்குப் பக்கத்து ஊரில் ஒரு கிளையில் வேலை. மதியம் இரண்டு மணிக்கு ரெக்கார்டு அறையை ஒட்டிய மேஜையில் நாலைந்து பேர் டிபன் பாக்ஸைத் திறப்போம். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று யாராவது கேட்பார்கள். "குத்தாலம். அவுகளுக்கு லீவு கெடச்சது" என்பேன். கொஞ்ச காலம் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் ஹெட் கேஷியர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "என்னய்யா, பொண்டாட்டி புருசனப் பத்திப் பேசுற மாதிரி எப்பப் பாத்தாலும் அவுக அவுகங்கிற?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் ஜில்லாவில் கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். என் அம்மா ஆயுசு முழுக்க அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். என் சொந்த சாமர்த்தியம் என்று நான் நினைத்திருந்தது அம்மாவின் வாயிலிருந்து அறியாமல் எடுத்துக்கொண்டது என்பது அந்த மேஜையில்தான் உறைத்தது.

ஆபீஸ்காரர்கள் இதற்கு விளக்கத்தையும் தாங்களே கண்டுபிடித்தார்கள். வேறு சாதிப் பெண். அதனால்தான் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறான். "பாத்துய்யா, வெட்டிப் போட்ருவானுக" என்று உண்மையான கரிசனத்தோடு சொன்னார்கள். எனக்கென்னவோ அந்த வதந்தி வசதியாகத்தான் இருந்தது. அதற்குள் நான் ஓர் ஆண்பிள்ளை. சாதியை எதிர்த்து நிற்கிற ஆண்பிள்ளையும்கூட. வேறொருவர் உயிரைக் கொடுத்துச் செய்கிற காரியத்தின் பெருமையை நான் சும்மா அனுபவித்துக்கொண்டிருந்தேன். இதை இப்போது எழுதும்போதுதான் கை கூசுகிறது, அப்போது கூசவில்லை.

இந்த ஆண்பிள்ளை என்கிற விஷயத்தில் எனக்குச் சிறு வயதிலேயே பயிற்சி கிடைத்திருந்தது. அப்பாவுக்கு என் நடை பிடிக்காது. எட்டாம் வகுப்பில் இருந்தபோது, உன் பையன் கையை வீசி இடுப்பை ஒடித்து நடக்கிறான் என்று சொந்தக்காரர் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அடிக்கிற மனிதர் இல்லை. மறுநாள் விடியற்காலை எழுப்பி, இரண்டு கையிலும் வாளியைக் கொடுத்து, தெருமுனை அடிபம்பிலிருந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தண்ணீர் தளும்பக்கூடாது. தளும்பாமல் நடந்தால் கை வீசாது, இடுப்பு அசையாது. சித்தாந்தம் அவருடையது. தினம் பன்னிரண்டு நடை. கரிசல் காட்டுக் கோடையில் எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் மிஞ்சியது. அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். "பொம்பளப் பிள்ளை இல்லாத குறையை இவன்தான தீக்கான்" என்று எதிர் வீட்டு ஆச்சி வாயாரப் பாராட்டினாள். அன்றைக்கு அப்பா பயிற்சியை நிறுத்திவிட்டார். தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை என்பது அதுவரை அவருக்குத் தோன்றவேயில்லை. ஆனால் நடை படிந்துவிட்டது. இன்றும் நான் இரண்டு வாளியோடுதான் நடக்கிறேன். மதுரைக் கூட்டமொன்றில் மூத்த கவிஞர் ஒருவர் என் நடையில் ஒரு மிடுக்கு இருப்பதாகச் சொன்னபோது, அப்பாவுக்கு ஒரு கார்டு எழுதிப் போடலாமா என்றிருந்தது.

பள்ளிக்கூடம் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு எண்ணும் இரண்டு வசைச் சொற்களும் போதுமானவையாக இருந்தன. அவற்றை இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். ஷேக்ஸ்பியரின் பதினெட்டாவது ஸானெட்டை நடத்தியவர் அது கவிஞன் தன் காதலிக்கு எழுதியது என்றார். 'காதலி' என்று நோட்டில் எழுதிக்கொண்டோம். முதல் 126 ஸானெட்டுகள் ஓர் இளைஞனை முன்னிட்டவை என்று நூலகத்துப் பதிப்பின் முன்னுரை சொன்னது. 1609-ல் வெளிவந்த ஸானெட்டுகளை 1640-ல் மறுபடி அச்சிட்ட ஜான் பென்ஸன் என்பவர் சில இடங்களில் ஆண்பாலைப் பெண்பாலாக மாற்றினார் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். பென்ஸன் அச்சுக் கோத்துச் செய்த காரியத்தை எங்கள் ஆசிரியர் வாயாலேயே முடித்துவிட்டார். பரீட்சையில் நானும் காதலி என்றே எழுதினேன், நல்ல மார்க்.

ஃபார்ஸ்டரின் இந்திய நாவலும் பாடமாக இருந்தது. அதே ஃபார்ஸ்டர் 1913-14-ல் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதி, இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாக முடித்து, மேஜைக்குள் வைத்துப் பூட்டினார் என்பது பாடத்தில் இல்லை. 1970-ல் அவர் இறந்த பிறகு, 1971-ல் அது அச்சாயிற்று. தயாரித்த பில்லை ஐம்பத்தேழு வருஷம் பாஸ் பண்ணாமல் வைத்திருப்பது என்றால் என்ன என்று ஒரு கிளார்க்குக்குத் தெரியும்.

ஃபார்ஸ்டர் வழியாகத்தான் கவாஃபிக்கு வந்தேன். முதல் உலக யுத்தத்தின்போது அலெக்ஸாண்ட்ரியாவில் அவரைச் சந்தித்த ஃபார்ஸ்டர், 1923-ல் வெளிவந்த தன் புத்தகமொன்றில் அவரைப் பற்றி எழுதினார். கவாஃபி நம்முடைய ஆள் — இரண்டு மூன்று அர்த்தங்களில். 1892 முதல் 1922 வரை முப்பது வருஷம் எகிப்தின் நீர்ப்பாசன இலாகாவில் குமாஸ்தா. கவிதைகளைத் தனித்தாள்களாக அச்சடித்து வேண்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார். முழுத் தொகுப்பென்று ஒன்று அவர் இருந்தவரை விற்பனைக்கு வரவில்லை. சந்தா கேட்டுக் கார்டு எழுதும் நம் சிறுபத்திரிகை ஆசிரியர்கள் இவருக்குப் படம் மாட்டிப் பூப்போடலாம். 1863 ஏப்ரல் 29-ல் பிறந்து 1933 ஏப்ரல் 29-ல் இறந்தார். அவர் தன் கணக்கில் ஏற்றுக்கொண்ட கவிதைகள் 154. ஷேக்ஸ்பியரின் ஸானெட்டுகளும் 154. இதற்கு அர்த்தமெதுவும் இல்லை. எண்கள் டேலி ஆனால் சந்தோஷப்படுகிற தொழில் வியாதி.

கிரேக்க வினைச்சொல்லில் ஆண் பெண் விகுதி கிடையாது, எழுவாயையும் விட்டுவிடலாம். ஆரம்பக் காதல் கவிதைகளில் கவாஃபி இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்கிறார். எதிரே இருப்பவர் யாரென்று சொல்வதில்லை. ஐம்பது வயதை ஒட்டித்தான் அவர் கவிதைகளில் இளைஞன் இளைஞனாகவே நடமாட ஆரம்பிக்கிறான். இதைத் தைரியம் வளர்ந்த கதையாக மட்டும் சொல்வது எனக்குப் போதவில்லை. ஆளைச் சொல்ல முடியாதவன் அறையைச் சொல்கிறான். படுக்கையின் மேல் விழுந்த வெயிலை, படிக்கட்டை, கடைவாசலைச் சொல்கிறான். ஆளுக்கான இடத்தைச் சுற்றிலும் அவ்வளவு துல்லியமாகக் கோடு போடுகிறான். மறைத்து எழுதிய வருஷங்களில் பழகிய அந்தக் கண் பிற்காலத்தில் மறைக்காத கவிதைகளிலும் இருக்கிறது. 2012-ல் இந்தப் பத்திரிகையிலேயே இதை ஒரு கட்டுரையாக எழுதினேன். 'அடக்கம்', 'சொல்லாமல் விடுவதன் வலிமை' என்றெல்லாம் அதில் இருக்கும். நண்பர்கள் பாராட்டினார்கள். இதை இங்கே ஞாபகப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

தமிழில் இந்தச் சலுகை வேறு விதமானது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. நம் காதல் கவிதையின் அஸ்திவாரமே பெயர் சொல்லாமைதான். ஆனால் பெயர் இல்லையே தவிர, தலைவன் தலைவி என்ற இரண்டு நாற்காலிகளும் தரையோடு ஆணியடிக்கப்பட்டவை. ஓர் ஆண் ஓர் ஆணுக்காக ஏங்கலாம். நம்மாழ்வார் ஏங்கியிருக்கிறார், பாரதி கண்ணனைக் காதலனாக்கிப் பாடியிருக்கிறார். ஏங்குகிறவன் பெண் குரலில் ஏங்க வேண்டும், ஏங்கப்படுகிறவன் கடவுளாக இருக்க வேண்டும். சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறவனாக இருந்தால் செல்லாது. பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் இழுத்து வந்து பழந்தமிழரிடமிருந்து நற்சான்று வாங்கிக்கொடுக்க இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். அந்த முயற்சியில் எனக்கு ஒட்டுதல் இல்லை. அந்த நட்பு அதனளவில் பெரியது. என் ஜாமீனுக்கு அதைக் கையெழுத்துப் போடச் சொல்வது அநாகரிகம்.

அச்சகம் என்றேன். அவன் தினசரி காலண்டர்களுக்கு அட்டைப் படம் அச்சாகும் இடத்தில் புரூஃபும் வண்ணமும் பார்க்கிறவனாக இருந்தான். முருகனுடைய வேலின் மஞ்சள் சரியாக விழுந்திருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பான். கவிதை படிக்க மாட்டான். என் கட்டுரைகளில் ஒற்றுப் பிழை இருந்தால் மட்டும் சொல்வான். 2014 சாரலில் குற்றாலம் போய் வந்ததைப் பற்றி இங்கே நான் ஒரு சிறு கட்டுரை எழுதினேன். படித்தவர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். 'நண்பர் ஒருவர் உடன் வந்தார்' என்று அதில் ஒரு வாக்கியம் உண்டு. அருவியிலிருந்து நடுங்கியபடி வந்து என் துண்டை அவர் வாங்கிக்கொண்டார் என்றும் உண்டு. புரூஃப் படித்தபோது அந்த இடத்தில் அவன் நிறுத்தினான். "யாரு அந்தப் பெரிய மனுசன்?" என்றான்.

இனி நம் வட்டத்துக்கு வருகிறேன். சிறுபத்திரிகை உலகம் பொதுஜன ரசனையிலிருந்து தப்பி வந்தவர்கள் கட்டிய வீடு என்று நம்பித்தான் நான் உள்ளே வந்தேன். பல விஷயங்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் கூட்டம் முடிந்து லாட்ஜ் அறைக் கதவைச் சாத்தியதும் அங்கே நடப்பது என் அப்பாவின் வாளிப் பயிற்சிதான். பாட்டிலைத் திறந்ததும் பெண் கதைகள். கதை இல்லாதவன் மேல் எல்லோர் கண்ணும் திரும்பும். நான் 'அவுக' கதையை அங்கேயும் கொண்டுபோய் வைத்துத் தப்பித்திருக்கிறேன். கிசுகிசுவை விடுங்கள், நம் விமர்சன பாஷையைப் பாருங்கள். நல்ல கவிதைக்கு வீரியம் உண்டு. மோசமான கவிதை மலடு. பிடித்த உரைநடைக்கு ஆண்மை. பிடிக்காத ஆசாமி பேடி, நபும்சகம். பழைய சிறுபத்திரிகைகளின் பைண்டு வால்யூம்களைப் புரட்டுங்கள். கோட்பாட்டில் ஜென்மப் பகையாளிகளாக இருந்தவர்கள் இந்தச் சொற்களில் மட்டும் சகோதரர்கள். படைப்பு என்பதையே ஆண்குறியின் காரியமாகப் பார்க்கிற பிரக்ஞை அது. நான் அந்தப் பாஷையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள வேண்டிய அவசியம் மற்றவர்களைவிட எனக்கு அதிகம்.

2009 ஜூலையில் டெல்லி உயர்நீதிமன்றம் 377-ஆவது பிரிவைத் தளர்த்தியபோது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பரீட்சைக்கான பொது அறிவுக் குறிப்புகளில் அதையும் ஒரு வரியாக எழுதி வைத்தேன், வேறு யாருக்கோ நேர்ந்தது போல. மெக்காலே எனக்கு இரண்டு விஷயங்கள் தந்தவர். 1835-ல் அவர் எழுதிய குறிப்பினால் பி.ஏ. ஆங்கிலம், அவர் வரைந்த சட்டத்தின் வழியே 1860-ல் 377. 2013 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் டெல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. பாதிக்கப்படுகிறவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரே என்பதும் அதில் ஒரு வாதமாக வந்தது. முந்நூறு பிரதி அச்சாகும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு அது புதிய வசையல்ல. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. அவன் கேட்டான்: "பேங்க்ல தெரிஞ்சா வேலை போயிருமாடா?" போகாது என்று சொன்னேன். எனக்குத் தெரியாது.

அந்தத் தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் ஒரு கவிதைத் தொகுப்பு மதிப்புரைக்கு வந்தது. எழுதியவருக்கு என்னைவிட வயது குறைவு. முதல் தொகுப்பு. காதல் கவிதைகள். எல்லாக் கவிதைகளிலும் 'நீ'. பெயரில்லை, முகமில்லை, கூந்தலோ வளையலோ இல்லை. பஸ் ஸ்டாண்டு, மொட்டை மாடி, பாதி குடித்த டீ, கழற்றி வைத்த வாட்ச். கவாஃபியைப் பற்றிக் கட்டுரை எழுதியவனுக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. அதுதான் விஷயம். சிவகாசியில் அவன் அறையில் உட்கார்ந்து ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மதிப்புரையை எழுதினேன். இந்த 'நீ' யார் என்று கேட்டேன். தன் காதலியை முகத்துக்கு நேரே பார்க்கத் திராணியற்றவன் எழுதிய கவிதைகள் என்றேன். நபும்சகம் என்ற சொல்லை இரண்டு இடத்தில் உபயோகித்தேன். முடித்துவிட்டு அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் புத்தகத்தை வாங்கி இரண்டு கவிதைகளைப் படித்தான். வாழ்க்கையில் அவன் படித்த கவிதைகள் அநேகமாக அவ்வளவுதான்.

"நம்ம ஆளு மாதிரில்ல தெரியுது. பெறகு ஏன் இப்பிடி ஏசுற?"

"கவிதை வேற, அது வேற" என்றேன்.

அவன் லென்ஸை எடுத்துக்கொண்டு காலண்டர் அட்டைக்குத் திரும்பிவிட்டான்.

மதிப்புரை பிரசுரமாயிற்று. சரியான சாத்து என்றார்கள். என்னைத் தைரியசாலியான விமர்சகன் என்று சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஒரு வருஷம் கழித்து, ஒரு திங்கட்கிழமை நெரிசலில், கௌண்டர் கண்ணாடிக்கு வெளியே ஓர் இளைஞர் பரீட்சைக் கட்டணத்துக்கு டி.டி. எடுக்கப் படிவத்தை நீட்டினார். பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். என் மேஜைப் பலகையில் என் பெயர் இருந்தது. பின்னால் பத்துப் பேர் வரிசை. டி.டி. அச்சாகி வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. வாங்கிக்கொண்ட பிறகு தணிந்த குரலில் கேட்டார்:

"சார், புரிஞ்சுதான எழுதினீங்க?"

நான் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டேன்.

புரியாமல் ஏசுகிறவர்களை அவர் எதிர்பார்த்தே இருந்திருப்பார். அந்தப் 'நீ'யை அடையாளம் கண்டுகொள்கிற நாலு பேர் இந்த முந்நூறு பேரில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் அவர் அதை அச்சிட்டிருக்க வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவன்தான் அவரை அடித்தது. எனக்குப் பயம் அவர் கவிதையைக் கண்டு அல்ல. அதை நான் புரிந்துகொண்டேன் என்று பிறருக்குத் தெரிந்துவிடுமோ என்று. மெச்சினால் ஏன் மெச்சுகிறேன் என்று யாராவது யோசிப்பார்கள். அடித்தால் யோசிக்க மாட்டார்கள்.

2016-ல் சிவகாசிக்காரனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அவன் அப்பாவுக்கு நெஞ்சுவலி, தங்கைக்கு வரன், அண்ணன் இருக்கும்போது எப்படி என்ற பேச்சு, எல்லாம் வழக்கமான வரிசையில் வந்தன. ஆம்பிளையாக இருந்தால் கட்டிக் காட்டு என்று அவன் மாமா சொன்னாராம். கட்டிக் காட்டினான். போய்விட்டு வந்தேன். மொய் எழுதுகிறவர் பெயர், ஊர் கேட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நண்பர் என்றேன். 501. அந்தப் பெண்ணைப் பற்றி நான் எழுதக்கூடாது. இந்தக் கதையில் யாரும் அபிப்பிராயம் கேட்காத ஆள் அவள்தான்.

2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம் ஐந்து நீதிபதிகள் அமர்வில் 377-ஐக் குறுக்கி, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வது குற்றமல்ல என்றது. அன்று வியாழக்கிழமை; கிளையில் நகை மறு ஏலம். இரவு எட்டு மணிக்குத்தான் போனைப் பார்த்தேன். அப்புறம் வார்த்தைகள் மாற ஆரம்பித்தன. ஓரினச்சேர்க்கை என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஜூன் மாதத்துப் பள்ளிக்கூடப் பலகை ஞாபகம் வரும்: மாணவர் சேர்க்கை நடைபெறுகிறது. அதில் ஆள் இல்லை, நேசம் இல்லை. அனுமதி விண்ணப்பம்தான் இருக்கிறது. இப்போது தன்பாலீர்ப்பு என்கிறார்கள். 2022-ல் தமிழக அரசு மரியாதையான சொற்களின் பட்டியலொன்றை அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு பழுதில்லாத சொல். ஆனால் நான்கு வருஷம் 'அவுக' என்று சொன்ன வாய்க்கு அது இன்னும் புதுச்செருப்பு.

2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகத்தின் அறிவுரையொன்று வந்தது. பால்புதுமையர் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், தம் துணையை நாமினியாக நியமிக்கவும் தடையேதும் இல்லை என்று. வேடிக்கை என்னவென்றால், தடை எப்போதுமே இருந்ததில்லை. இருவர் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்க அவர்களுக்குள் உறவு எதுவும் இருக்க வேண்டியதில்லை. எந்தக் கிளார்க்குக்கும் தெரியும். இல்லாத தடையை இல்லை என்று சொல்ல ஒரு சுற்றறிக்கை தேவைப்பட்டது. இப்போது நான் வேறு ஊரில், வேறு கிளையில் இருக்கிறேன். சாப்பாட்டு மேஜை மட்டும் அதேதான். "ரெண்டு ஆம்பிளைக்கு ஜாயின்ட் அக்கவுன்ட்டாம். செக் புக்குல யாரு கையெழுத்துப் போடுவா, புருசனா பொண்டாட்டியா?" சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழைய சிரிப்பு, சுருதி பிசகாமல் வந்தது. எதிரே புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் ஒருவன், இருபத்து மூன்று வயதிருக்கும், சிரிக்காமல் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்த என் முகத்தை ஒரு தடவை பார்த்தான். அவன் யார், என்ன என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் எனக்கு உரிமை இல்லை. பார்த்தான், அவ்வளவுதான்.

அன்று இரவு அந்தத் தொகுப்பைத் தேடி எடுத்தேன். நேர்மையாகச் சொல்வதானால் பாதிக் கவிதைகள் இப்போதும் சுமாரானவையே. வாட்ச் கவிதையும் இன்னும் ஏழெட்டும் நல்லவை. அவற்றில் மூன்று, அந்த வருஷம் நான் பாராட்டி எழுதிய எந்தத் தொகுப்பிலும் இல்லாத தரத்தவை. குற்றவுணர்ச்சிக்காக மதிப்பெண்ணைக் கூட்டிப் போட நான் தயாரில்லை. ஆனால் நான் சொன்ன காரணம் பொய். பதிப்பகத்தில் எண் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். வெளிமாநிலத்தில் வேலை. எழுதுவதில்லை என்றார், என் மதிப்புரையால் அல்ல, வேலையால் என்றும் சொன்னார். அவர் மரியாதை தெரிந்தவர். இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. என் பேரு வேண்டாம், புஸ்தகத்துப் பேரும் வேண்டாம். உங்களுதை மட்டும் எழுதுங்க."

ஆகவே அந்த மதிப்புரையில் திருத்தம் போடும் உரிமையும் எனக்கில்லை. நான் சாத்திய தொகுப்புகள் ஏராளம். எது என்று நண்பர்கள் பழைய இதழ்களைக் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். என்னுடையதை மட்டும் எழுதச் சொன்னார். ஆசிரியர் இடம் கொடுத்தால் கீழ்க்கண்டதை வழக்கமான எழுத்தில், வழக்கமாகப் பிழைதிருத்தம் போடும் இடத்தில் போட்டுவிடவும்.

குற்றாலம் பற்றிய என் கட்டுரையில் 'நண்பர் ஒருவர் உடன் வந்தார்' என்றிருப்பதை 'அவன் உடன் வந்தான்' என்றும், அடுத்த பத்தியில் 'என் துண்டை வாங்கிக்கொண்டார்' என்றிருப்பதை 'வாங்கிக்கொண்டான்' என்றும் திருத்தி வாசிக்கவும்.